ஏழாம் அத்தியாயம்: உப்புக் காற்றில் ஒரு கமரா – ஏ9 வீதியில் போக்குவரத்துக் கண்காணிப்பை மதிப்பிடுதல்

கண்டியில் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் தொடங்கும் ஏ9 வீதி, 321 கிலோமீற்றர் ஓடி யாழ்ப்பாணத்தில் கடல்மட்டத்தோடு வந்து முடிகிறது. ஆனையிறவைத் தாண்டிவிட்டால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. களப்பு, உப்பளம், பனங்கூடல், பிறகு தென்மராட்சியின் தென்னந்தோப்புகள். வீதி நேராகவும் தட்டையாகவும் கிடக்கிறது. ஒரே வீதியின் இரண்டு முனைகளுக்கும் ஒரே கேள்விப்பத்திரத்தில் ஒரே கருவியை வாங்குவது நிர்வாகத்துக்கு வசதிதான். ஆனால் மலைக்குத் தகுதி பெற்ற கருவி உப்புக் காற்றுக்குத் தகுதி பெற்றதாகிவிடாது. பிரதேச சபை உறுப்பினர்கள், வீதிப் பாதுகாப்புக் குழுவினர், புதிதாக வேலையில் சேர்ந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் ஆகியோர் ஒரு கண்காணிப்பு ஏற்பாட்டை எப்படிச் சோதித்துப் பார்த்து ஏற்கவோ மறுக்கவோ வேண்டும் என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

மலைத் தகுதியை விலையிலிருந்து கழியுங்கள்

விற்பனையாளர் தரும் விவரத்தாளில் முதலில் கண்ணில் படுவது உயரமும் குளிரும்தான். பெரும்பாலான மின்கருவிகள் கடல்மட்டத்திலிருந்து 2000 மீற்றர் வரைக்குமே சாதாரணத் தகுதி பெற்றவை. அதற்கு மேல் காற்று ஐதாகி, விசிறி வெப்பத்தை வெளியேற்றும் திறன் குறைந்துவிடும். 3000 மீற்றரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தான். கடுங்குளிரில் ஈய-அமில பற்றரி தன் கொள்ளளவில் பாதியை இழக்கும். பனிமூட்டத்தில் கமரா குருடாகும். இமாசலப் பிரதேசத்தில் ஏறத்தாழ 3100 மீற்றர் உயரத்தில், 9.02 கிலோமீற்றர் நீளத்துக்குக் குடையப்பட்டு 2020 ஒக்ரோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதையில் இந்த இடர்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தே ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு 250 மீற்றருக்கும் அசம்பாவிதத்தைத் தானே கண்டறியும் கமரா, ஒவ்வொரு 150 மீற்றருக்கும் அவசரத் தொலைபேசி, ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் காற்றின் தரத்தை அளக்கும் கருவி. அந்த இடத்துக்கு அவை அத்தனையும் தேவை.

நம் நாட்டில் நுவரெலியாவே 1868 மீற்றர்தான். அங்கேகூட 2000 மீற்றர் எல்லை தாண்டப்படுவதில்லை. அங்கு சோதிக்க வேண்டியது மூடுபனியை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ‘4000 மீற்றர் வரை இயங்கும்’, ‘மைனஸ் 40 பாகையில் இயங்கும்’ என்ற வரிகளால் ஒரு சதமும் பெறுமதி கூடாது. விலைமனுவில் அவற்றுக்காகக் காசு கேட்டிருந்தால் தயங்காமல் குறைக்கச் சொல்லுங்கள். அந்தக் காசை நல்ல துருப்பிடிக்காத உருக்குக்கும் இடிதாங்கிக்கும் செலவிடலாம்.

எந்தத் தீர்மானத்துக்காக எண்ணுகிறோம்?

கமராவைப் பூட்டுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதவேண்டிய வரி இது. ‘போக்குவரத்தைக் கண்காணிக்க’ என்று எழுதினால் போதாது. கொடிகாமம் சந்தியில் சமிக்ஞை விளக்குப் போடுவதா இல்லையா என்று தீர்மானிக்கவா? ஆனையிறவுக்கும் இயக்கச்சிக்கும் இடையில் இரவு வேகத்தைக் கட்டுப்படுத்தவா? பண்ணைப் பாலத்தால் தீவகம் போகும் வீதியை எப்போது அகலிப்பது என்று அறியவா? மூன்றுக்கும் மூன்று வகை அளவு வேண்டும். முதலாவதுக்குத் திரும்பும் வாகனங்களின் எண்ணிக்கையும் காத்திருக்கும் நேரமும், இரண்டாவதுக்கு வேகப் பரம்பல், மூன்றாவதுக்கு ஆண்டு முழுவதுக்குமான நாட்சராசரி. வேகம் மட்டும் அளக்கும் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு சந்தியைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

தென்மராட்சியில் நான் மிகவும் கவலைப்படும் இடம் ஒன்றுண்டு. அங்கே பல இடங்களில் ரயில் பாதையும் ஏ9 வீதியும் அருகருகே ஓடுகின்றன. ஒழுங்கையால் வருபவர் கடவையைத் தாண்டிய உடனேயே பெருவீதியில் ஏறவேண்டும். 2014 ஒக்ரோபரில் ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்த பிறகு இந்தக் குறுகிய இடைவெளி உயிராபத்தான இடமாகிவிட்டது. பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் ஏ9இல் ஏற இடைவெளி பார்த்து நிற்கும்போது அதன் பின்பகுதி தண்டவாளத்தின் மேல் இருக்கலாம். இங்கே வேகக் கமரா எதையும் காட்டித் தராது. எத்தனை வாகனங்கள் எவ்வளவு நேரம் தண்டவாளத்துக்கு அருகில் தேங்கி நிற்கின்றன என்பதை அளக்கும் ஏற்பாடுதான் வேண்டும். கடவைக்குக் காவலாளியும் படலையும் கேட்டு எழுதும் கடிதத்துக்கு அந்த அளவு உரமாக இருக்கும். உங்கள் பகுதியில் இப்படி ஒரு கடவை இருந்தால் மற்றெல்லாவற்றுக்கும் முன் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி வகுப்பு வீதிகள் மாகாண சபையுடையவை. அதற்குக் கீழே உள்ளவை உள்ளூராட்சி மன்றங்களுடையவை. இவற்றில் ஏதாவதொன்றிடம் ஏற்கெனவே எடுக்கப்பட்ட எண்ணிக்கை கோவையில் கிடக்கக்கூடும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டு வாங்கிப் பாருங்கள். புதுக் கருவியின் முதல் மாத எண்ணிக்கையை ஒப்பிட அது உதவும்.

மனிதக் கண்ணே அளவுகோல்

எந்தக் கருவியையும் மதிப்பிடுவதற்கான அடிப்படை முறை பழையதுதான்: வீதியோரத்தில் ஆள் நின்று எண்ணுவது. ஒரே இடத்தில் ஒரே பதினைந்து நிமிடத்துக்கு இருவர் தனித்தனியே எண்ண வேண்டும். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக்கூடாது. அதே நேரம் கைபேசியில் வீடியோவும் ஓடட்டும். இருவர் எண்ணிக்கையும் நூற்றுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேறுபட்டால் வீடியோவைப் போட்டு நிறுத்தி நிறுத்தி மீண்டும் எண்ணுங்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இந்த வேலையை அருமையாகச் செய்வார்கள். அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர்களையும் கேட்டுப் பார்க்கலாம்.

எண்ணும் தாளில் வாகன வகைகள் நம்முடைய வீதியில் ஓடுபவையாக இருக்க வேண்டும். வெளிநாட்டு மென்பொருள்கள் கார், வான், பஸ், லொறி, மோட்டார் சைக்கிள் என்று பிரித்துவிட்டு நின்றுவிடும். இங்கே ஓட்டோ, பட்டா, ஹயஸ், கன்ரர், டிப்பர், உழவு இயந்திரம், லாண்ட் மாஸ்ரர், சைக்கிள் எல்லாம் ஒரே வீதியில் போகின்றன. காலையில் சாவகச்சேரிச் சந்தைக்கு மூட்டை ஏற்றிப் போகும் சைக்கிளை மென்பொருள் எதுவாகப் பதிகிறது? லாண்ட் மாஸ்ரரை ஓட்டோ என்றா, லொறி என்றா? இதை ஒவ்வொரு வகையாகப் பார்த்து எழுதுங்கள்.

மொத்த எண்ணிக்கை ஒத்துப்போவதைக் கண்டு ஏமாந்துவிடக்கூடாது. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். ஆட்கள் எண்ணியது 1000, கருவி சொன்னது 1000, பிழையே இல்லை என்று ஒப்பந்தகாரர் சொல்வார். வகை வகையாகப் பிரித்துப் பார்த்தால், பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்த 80 மோட்டார் சைக்கிள்களைக் கருவி தவறவிட்டிருக்கும். பெட்டி பூட்டிய உழவு இயந்திரங்களை இரண்டாகவும், பனைநிழலை வாகனமாகவும் எண்ணி 80ஐச் சேர்த்திருக்கும். இலங்கையில் வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் மோட்டார் சைக்கிளில் போனவர்களும் நடந்து போனவர்களும்தான் அதிகம். அவர்களைத் தவறவிடும் கருவி, மொத்தத்தில் எவ்வளவு சரியாக இருந்தாலும், நமக்கு வேண்டாதது. என் பரிந்துரை இது: இரண்டு சக்கர வாகனங்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் தவறவிடும் எந்த ஏற்பாட்டையும் ஏற்காதீர்கள்.

கருவியின் வகையைப் பொறுத்துத் தவறும் இடமும் மாறும். வீதியின் குறுக்கே போடும் காற்றுக்குழாய் லொறியையும் காரையும் நன்றாகப் பதியும், சைக்கிளின் பாரம் அதற்குப் போதாமல் போகலாம். தாருக்குள் பதிக்கும் கம்பிச் சுருள் இரும்பை உணரும். ஆனால் நம் சைக்கிள்காரர் சுருள் இருக்கும் தடத்தில் போவதில்லை, கரையோரமாகப் போவார். அதுபோக, முகமாலைப் பக்கம் வீதியோர மண்ணைத் தோண்டும் எந்த வேலையும் கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலம் என்ற எழுத்துமூல உறுதி கையில் இல்லாமல் தொடங்கக்கூடாது. இதில் அவசரமோ, ‘தெரிந்த இடம்தானே’ என்ற துணிச்சலோ வேண்டாம்.

கமராவின் உயரம் தனியே பார்க்க வேண்டியது. 6 மீற்றர்க் கம்பத்தில் இருக்கும் கமராவுக்கு, 30 மீற்றர் தூரத்தில் நிற்கும் 3 மீற்றர் உயரமான பஸ், தனக்குப் பின்னால் இன்னும் 30 மீற்றர் நிலத்தை மறைத்துவிடும். கம்பத்தை 12 மீற்றராக்கினால் மறைவு 10 மீற்றராகக் குறையும். ஆனால் உயரக் கம்பம் சோளகக் காற்றில் ஆடும், ஆடினால் படம் கலங்கும். மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம் அடிக்கும் ஒரு பிற்பகலில் கம்பத்தின் கீழ் நின்று படத்தைப் பார்த்துவிட்டே உயரத்தை ஒப்புக்கொள்ளுங்கள்.

திசையையும் மறவாதீர்கள். சாவகச்சேரியிலிருந்து கைதடி, நாவற்குழி வழியாக யாழ்ப்பாணம் போகும் வீதி பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. காலையில் பள்ளிக்கும் கந்தோருக்கும் நகருக்குப் போவோரின் முகப்பைப் பார்க்கக் கமராவைக் கிழக்கே திருப்பினால் உதயசூரியன் நேரே வில்லையில் அடிக்கும். மாலையில் திரும்புவோரின் முகப்பைப் பார்க்க மேற்கே திருப்பினாலும் அதே கதி. போக்குவரத்து மிகக் கூடிய இரண்டு நேரங்களிலும் கமரா குருடு. இரண்டு திசைக்கும் வாகனத்தின் பின்புறத்தைப் பார்க்கும்படி பூட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

வேகத்தைச் சரிபார்த்தல்

கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் ஊர்மனைக்குள் மணிக்கு 50, வெளியே 70 கிலோமீற்றர். ஓட்டோவுக்கு எங்கும் 40. இந்த எல்லைகளைக் கருவி சரியாக உணர்கிறதா என்று நிறுத்தற் கடிகாரத்தாலேயே பார்க்கலாம். இரண்டு மின்கம்பங்களுக்கு இடையிலான தூரத்தை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். 100 மீற்றரை 70இல் போகும் வாகனம் 5.14 செக்கனில் கடக்கும், 50இல் போவது 7.2 செக்கனில். தூரத்தை 50 மீற்றராகக் குறைத்தால் கை விரல் 0.3 செக்கன் பிந்தினாலே 70 என்பது 79 ஆகிவிடும். 100 மீற்றரில் அதே பிழை 74 என்று காட்டும், 200 மீற்றரில் 72. ஆனையிறவு போன்ற திறந்த வெளியில் 200 மீற்றர் எடுங்கள். கண்பார்வை எட்டும்.

இதைவிட நல்ல வழி, தெரிந்த ஒருவரின் கார், மோட்டார் சைக்கிள், ஓட்டோ மூன்றையும் ஜீபிஎஸ் கருவியோடு திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஒப்பிடுவது. நம் வெளிகளில் ஜீபிஎஸ்ஸை மறைக்க மலையும் இல்லை, மாடமாளிகையும் இல்லை.

ராடரில் கோணப் பிழை ஒன்று உண்டு. வாகனம் போகும் திசைக்கு 20 பாகை சாய்வாக ராடர் பார்த்தால் 70 என்பது 66 ஆகத் தெரியும், 30 பாகையில் 61க்கும் குறையும். சாரதிக்கு இலாபம், புள்ளிவிவரத்துக்கு நட்டம். அத்தோடு, அசைவைக் கொண்டு வேகம் அறியும் ராடருக்கு அசையாதது எதுவும் தெரியாது. இரவில் சூடான தார் வீதியில் படுத்திருக்கும் மாடு அதன் கணக்கிலேயே வராது. மாட்டில் மோதிப் போன உயிர்கள் குடாநாட்டிலும் வன்னியிலும் குறைவில்லை. வெப்பக் கமரா மாட்டைக் காட்டும்தான், ஆனால் முன்னிரவில் தார் இன்னும் உடற்சூட்டுக்குக் கிட்டச் சூடாக இருக்கும்போது இரண்டும் ஒரே நிறமாகத் தெரிய வாய்ப்புண்டு. ஆகவே வெப்பக் கமராவை நள்ளிரவில் காட்டிவிட்டுப் போக விடாதீர்கள். வெயில் காய்ந்த நாளில் மாலை ஏழு மணிக்கு இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

சராசரி வேகத்தை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். நூறு வாகனங்களை வேகம் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையில் நிறுத்தினால் எண்பத்தைந்தாவதாக நிற்கும் வாகனத்தின் வேகம் என்ன என்பதைக் கேளுங்கள், இரவையும் பகலையும் பிரித்துக் கேளுங்கள். வெறிச்சோடிய வீதியில் இரவு பதினொரு மணிக்குப் பாயும் பத்து வாகனங்கள் நாட்சராசரியில் அடையாளம் தெரியாமல் கரைந்துவிடும்.

உப்பு, வெயில், வெள்ளம்

ஆனையிறவிலும் பண்ணையிலும், வேலணை–புங்குடுதீவு தாம்போதியிலும், 2011 ஜனவரியில் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்திலும் கருவிக்குப் பெரிய பகை உப்புத்தான். ஐஎஸ்ஓ 9227 என்ற நியமத்தின்படி ஐந்து சதவீத உப்புக் கரைசலை 35 பாகையில் புகாராக அடித்துச் சோதிப்பார்கள். அந்தச் சான்றிதழில் எத்தனை மணித்தியாலம் சோதித்தார்கள் என்று பாருங்கள். பெட்டியைச் சோதித்துவிட்டு ஆணியையும் பிணைச்சலையும் விட்டுவிடுவது வழக்கம், துருவோ அங்கேதான் தொடங்கும். வெறும் 304 தர உருக்கைக் கடலோரத்தில் ஏற்காதீர்கள், 316 கேளுங்கள். ஒப்பந்தகாரர் தயங்கினால் அதே தாம்போதியில் நிற்கும் பழைய விளக்குக் கம்பத்தின் அடியை அவருக்குக் காட்டுங்கள்.

ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. 2008 நவம்பரில் நிஷா புயலிலும் 2020 டிசெம்பரில் புரெவியிலும் குடாநாடு எப்படி மிதந்தது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஐபி67 என்று பெருமையாக அச்சடித்திருப்பார்கள். அதன் பொருள் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும் என்பதுதான். நம் வெள்ளம் நாட்கணக்கில் நிற்கும். இணைப்புப் பெட்டியை நிலத்துக்குள் புதைக்க விடாதீர்கள். அயல்வீட்டாரிடம் பெருவெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று கேட்டு, அதற்கு மேல் ஒரு மீற்றர் உயர்த்திப் பூட்டச் சொல்லுங்கள்.

நிழல் வெப்பம் 34, 35 பாகையாக இருக்கும் நாளில், வெயிலில் நிற்கும் மூடிய இரும்புப் பெட்டிக்குள் 55ஐத் தாண்டுவது சாதாரணம். ஈய-அமில பற்றரியின் ஆயுள், 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஏறத்தாழப் பாதியாகும். மேலே ஒரு நிழற்தகடும், பற்றரிக்குத் தனியறையும் கேளுங்கள். எத்தனை மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் ஓடவேண்டும் என்பதற்கு அளவு நம்மிடமே இருக்கிறது: 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. விநியோகத்தைத் துண்டித்துவிட்டு அத்தனை மணித்தியாலமும் ஓடவிட்டுப் பாருங்கள்.

மாரி இடிமுழக்கத்தில் பனைகள் கருகுவதைக் காணாதவர் இங்கில்லை. தனித்து நிற்கும் கம்பத்துக்கும் அந்த ஆபத்து உண்டு. சுண்ணாம்புக்கல் மேல் மெல்லிய மண் உள்ள நிலத்தில் புவித்தொடுப்புக் கம்பி ஆழமாக இறங்காது. ஈரத்தில் அளந்தால் தடை குறைவாகத் தெரியும். ஆடி ஆவணியில் மண் காய்ந்து வெடித்திருக்கும்போது அளந்த அளவையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

எண்ணும் காலம்

அடிப்படை எண்ணிக்கையை நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் எடுக்காதீர்கள். வீதிகள் அடைக்கப்பட்டிருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் வாகனங்களும் கூடும். ஆனால் கருவி நெரிசலைத் தாங்குமா என்று அறிய அதைவிட நல்ல காலம் இல்லை. பள்ளி விடுமுறையைத் தவிர்த்து ஒரு முழு வாரம் எண்ணுங்கள். அந்த வாரத்தில் சந்தை நாளும் கோயிலுக்குச் சனம் கூடும் வெள்ளியும் வந்துவிடும்.

மக்களின் சம்மதம்

ஏ9 வீதி 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, 2009இல் மீண்டும் திறந்தது. ஓமந்தை, முகமாலைச் சோதனைச்சாவடிகளில் இறங்கி நடந்து பெயர் பதிந்து போன தலைமுறை இன்றும் அதே வீதியால்தான் போகிறது. வீதியோரம் ஒரு கமரா முளைத்தால் அவர்களுக்கு எழும் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. வாகன எண்ணிக்கைக்கும் வேகப் பரம்பலுக்கும் இலக்கத்தகடு தேவையில்லை. தேவையில்லாததைப் பதியாத கருவியையே வாங்குங்கள். கொழும்பில் 2024 ஜனவரியில் தொடங்கியதுபோல் தண்டம் விதிப்பதற்காகக் கமரா வைப்பதென்றால் அது பொலிஸாரின் வேலை. அதை எண்ணிக்கைக் கருவியோடு கலக்கக்கூடாது. படம் எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழியும் என்பவற்றை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஏற்ப எழுதி, கம்பத்திலேயே தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். பூட்டுவதற்கு முன் சனசமூக நிலையத்தில் ஒரு கூட்டம் வையுங்கள். கம்பம் எந்த வீட்டு வாசலைப் பார்க்கும் என்று அங்கேயே காட்டுங்கள்.

ஏற்றுக்கொள்ளும் நாள்

ஒப்பந்தகாரர்கள் பங்குனி சித்திரையில் கையளிக்க விரும்புவார்கள். வானம் தெளிந்திருக்கும், வில்லை புதிதாக இருக்கும், எல்லாம் வேலை செய்யும். கொடுப்பனவில் ஒரு பகுதியை ஒரு மாரி கடக்கும்வரை நிறுத்தி வைக்கும் வாசகத்தைக் கேள்விப்பத்திரத்திலேயே எழுதுங்கள், பிறகு சேர்க்க முடியாது. உப்புப் படிந்த வில்லையை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைப்பது, திறப்பு யாரிடம் இருப்பது, பழுதானால் கொழும்பிலிருந்து ஆள் வர எத்தனை நாள் என்பவையும் அதில் வரவேண்டும். மழை ஓய்ந்த தை மாதத்தில், முதலில் எண்ணிய அதே பிள்ளைகளை அதே இடத்தில் நிறுத்தி, அதே தாளில் மறுபடி எண்ணுங்கள்: காலை ஏழரைக்கு, மாலை ஐந்தரைக்கு, இரவு பத்துக்கு. அந்தத் தாளில் ஒப்பந்தகாரரோடு எண்ணியவர்களும் கையெழுத்திட வேண்டும். நிலுவைக் கொடுப்பனவுக்கான கோவையில் அதை முதற்பக்கமாக இணையுங்கள்.